பச்சை மையில் ஒரு ‘வ’

ஓய்வு பெற்றவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இரண்டு வகை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு வகை. நாம் செய்துவிட்டு வந்த வேலையில் ஏதோ ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டு எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. போன வாரம் எனக்கு வந்தது இரண்டாவது வகை.

எழுதியிருந்தவள் பெயர் ஹானா. நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்த அகராதி அலுவலகத்தில் இப்போது இருக்கும் பெண். நேரில் பார்த்ததில்லை. சொல்லுக்கு ஒன்றாக நாங்கள் எழுதிவைக்கும் சீட்டுகளில் பழைய ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ‘மூலையில் பச்சை மையில் ஒரு குறி இருக்கிறது. அதைக் குறுக்கே அடித்திருக்கிறார்கள். கீழே அதே குறி மறுபடியும் இருக்கிறது. இது எந்த மொழி எழுத்து? ஏன் அடித்தார்கள்? இந்தச் சொல்லின் வரலாறு மட்டும் ஏன் இவ்வளவு குட்டையாக முடிந்துவிடுகிறது? உங்களைக் கேட்டால் தெரியும் என்றார்கள்’ என்று எழுதியிருந்தாள்.

அந்தக் குறி தமிழ் ‘வ’. என் பெயரின் முதல் எழுத்து. வள்ளி. அடித்ததும் நான்தான், மறுபடி போட்டதும் நான்தான். இதை ஒரு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டு ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்தையே ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்த்த சீட்டு. ஒரு வரியில் அடங்காது.

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் எங்களைச் சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்களில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ‘நீங்க என்ன பண்றீங்க?’ என்று கேட்பார்கள். ‘டிக்‌ஷனரி’ என்பேன். ‘ஓ, டேட்டா டிக்‌ஷனரியா? எந்த டேட்டாபேஸ்?’ என்பார்கள். ‘இல்லைங்க, நிஜ டிக்‌ஷனரி. நார்வே பாஷைக்கு’ என்றால் என் கணவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பாவம், அவர் என்ன செய்வார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து தொண்ணூற்றொன்றில் நாங்கள் அமெரிக்கா போனோம். என் கணவர் சிவாவுக்கு விசா. எனக்கு அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா, அதில் வேலை செய்யக் கூடாது. ஊரில் மொழியியல் எம்.ஏ. படித்துவிட்டு, பழைய ஜெர்மன் புத்தகங்களை முட்டி மோதிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தவள், அங்கே போய் மூன்று வருடம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. நார்வே மொழிச் சொல்வரலாற்று அகராதிக்கு, ஜெர்மன் ஆய்வு நூல்களை வாசிக்கத் தெரிந்த, பொறுமைசாலியான உதவியாளர் தேவை. பொறுமைக்கு எனக்குச் சான்றிதழ் இல்லை, ஆனாலும் போனேன்.

ஒரு கார்ப்பெட் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். ஒரு நூறு சீட்டுகளைக் கொடுத்து, அகர வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். அதில் சில சொற்கள் தலையில் சின்ன வட்டம் போட்ட இங்கிலீஷ் ஏ எழுத்தில் தொடங்கின. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அவற்றைச் சத்தமில்லாமல் ஏ-யோடு சேர்த்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எழுந்து போய், ‘இது எங்கே வரும்? எனக்குத் தெரியவில்லை’ என்று கேட்டேன். அது கடைசியில், இஸட்டுக்கும் பிறகு வருமாம். தெரியாது என்று சொன்னதற்காகவே வேலை கொடுத்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும். விசாவையும் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்தான் என் மேலதிகாரி, டாக்டர் லிண்ட்விக். பெயரைக் கேட்டால் பனிமலையிலிருந்து இறங்கி வந்தவர் போல இருக்கும். ஆள் டெக்சாஸ்காரர். டெக்சாஸில் நார்வேக்காரர்கள் குடியேறிய ஒரு பண்ணைப் பகுதியில் பிறந்தவர். வீட்டில் நார்வே மொழி, வெளியே மாட்டுச் சந்தை இங்கிலீஷ். ஆறரை அடி உயரம். குரல் மட்டும் சின்னக் குரல். ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்திருந்தார். யார் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ‘யார் பார்த்தது?’ என்பார். அதற்கு அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு. மேலே சொல், அதன் கீழே அதன் பழைய வடிவங்கள், அதன் கீழே அந்த வடிவம் எந்தப் பழைய நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற விவரம். இதையெல்லாம் கறுப்பு மையில் எழுத வேண்டும். கறுப்பு என்றால் ‘இன்னொருவர் சொல்கிறார்’ என்று அர்த்தம். பிறகு அந்த நூலை வரவழைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தபிறகு, மூலையில் பச்சை மையில் நம் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். பச்சை என்றால் ‘என் கண்ணால் பார்த்தேன்.’ வேறு அர்த்தம் கிடையாது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் பச்சைப் பேனா கைக்கு வந்தது. ஏற்கெனவே அங்கே விக்டர் என்று ஒருவர் இங்கிலீஷ் ‘வி’ போட்டுக்கொண்டிருந்ததால், நான் தமிழில் ‘வ’ போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். லிண்ட்விக் அதை ஒரு காகிதத்தில் மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு, ‘அழகாக உட்கார்ந்திருக்கிறது’ என்றார்.

பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். சிவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கிரீன் பென் வந்திருச்சு. கிரீன் கார்டு எப்ப வரும்னு உங்க ஆளக் கேளு” என்றார்.

அது வெறும் கிண்டல் இல்லை. அவர் கம்பெனி, ‘அடுத்த வருஷம் ஃபைல் பண்றோம், அடுத்த வருஷம் ஃபைல் பண்றோம்’ என்று அவரை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய விசாவில் மிச்சம் இருந்த காலமோ கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் என் அலுவலகம்தான் எனக்காக விண்ணப்பிக்க முன்வந்தது. எடிசனிலேயே பெண்டாட்டி வேலையில் கிரீன் கார்டுக்குக் காத்திருந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான் என்று நினைக்கிறேன். தமிழ்ச் சங்கத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் மகள் நிலா அங்கேயே பிறந்தவள், அலுவலகம் விண்ணப்பிக்க முன்வந்தபோது ஐந்து வயது. அவளுக்கு ஊர் என்றால் எடிசன்தான்.

லிண்ட்விக்கிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அவர் கோட்டு எப்போதும் அறைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். நாள் முழுக்க சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். ஆனால் ஒரு சொல்லின் சீட்டு முழுமையாகி, அச்சுக்குப் போகலாம் என்று அவர் சிவப்பு மையில் கடைசிக் கையெழுத்துப் போடும்போது மட்டும், எழுந்து, சட்டைக் கையை இறக்கி, கோட்டை மாட்டி, இரண்டு பொத்தானையும் போட்டு, நின்றபடியே கையெழுத்திடுவார். பிறகு கழற்றித் தொங்கவிட்டுவிடுவார். ஒரு நாளில் பன்னிரண்டு சொல் முடிந்தால் பன்னிரண்டு தடவை. ஜூலை மாதம் ஏசி பழுதானபோதும் இதே கதைதான். எல்லோரும் வாய்க்குள் சிரிப்பார்கள். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சொல் வீட்டை விட்டுக் கிளம்புகிறது, வள்ளி. வழியனுப்புகிறவன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டா நிற்பது?” என்றார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘க்லே போ சை.’ நார்வே மொழியில் உடுத்திக்கொள்வதற்கு அப்படித்தான் சொல்வார்கள். போ என்றால் மேலே, சை என்றால் தன்னை. க்லே என்பதுதான் உடுத்து. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டும் நார்வே அம்மாக்கள் எல்லோரும் கத்துகிற சொல். இவ்வளவு சாதாரணச் சொல்லுக்கு வரலாறு எழுத என்ன கஷ்டம் என்று தோன்றும். சாதாரணச் சொற்கள்தான் உயிரை வாங்கும்.

கொஞ்ச தூரம் வரை பாதை நன்றாகத்தான் இருக்கிறது. க்லே என்பதன் பழைய வடிவம், நார்வே மொழிக்குத் தாயான நார்ஸ் மொழியில் இருக்கிறது. இங்கிலீஷில் துணிக்குச் சொல்லும் க்ளாத், ஜெர்மனில் உடைக்குச் சொல்லும் க்ளைட் எல்லாம் ஒரே குடும்பம். நார்ஸ்காரர்கள் இதைக் கடல் தாண்டி இங்கிலாந்திலிருந்து இரவல் வாங்கியிருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. அதற்கும் முன்னால் போனால் பனிமூட்டம். ‘ஒட்டிக்கொள்’ என்ற பொருள் உள்ள ஒரு மிகப் பழைய வேரிலிருந்து வந்தது, இங்கிலீஷில் களிமண்ணுக்கான க்ளே என்ற சொல்லும் அதே வேர்தான், உடம்போடு ஒட்டிக்கொள்வதால் உடை என்று ஒரு கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மண்ணுக்கும் துணிக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டுமே. அந்தப் பாலத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? எங்கள் லிண்ட்விக்தான். இளம் வயதில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பழைய பத்திரம் ஒன்றில், சுவருக்கு மண் பூசுவதற்கே இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பக்க எண்ணோடு காட்டியிருந்தார். துறையில் அவர் பெயர் தெரிந்ததே அந்தக் கட்டுரையால்தான்.

அந்தச் சீட்டைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பத்திரங்களை அச்சிட்ட பழைய தொகுப்பு அமெரிக்காவில் ஓரிரு நூலகங்களில்தான் இருந்தது. இரவல் கேட்டு எழுதினேன். வரவில்லை. மறுபடி எழுதினேன். வரவில்லை. ‘கே’ எழுத்து முழுவதும் டிசம்பருக்குள் முடிய வேண்டும். என் தட்டில் இந்த ஒரு சீட்டு மட்டும் பச்சை இல்லாமல் கிடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய நாள், எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இதை எழுதியவரே லிண்ட்விக், அவர் பார்க்காமலா எழுதியிருப்பார் என்று நினைத்தேன். ‘வ’ போட்டேன். கை கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் பொங்கல் விழா. ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. எங்கள் சங்கத்தில் ராஜமாணிக்கம் அங்கிள் என்று ஒருவர் இருந்தார். பாலம் கட்டும் இன்ஜினியர். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தமிழிலிருந்து பாலம் கட்டுவது அவருடைய வார இறுதி வேலை. கையில் சர்க்கரைப் பொங்கலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா வள்ளி, இப்ப என்ன வேர்டு பண்ணிட்டிருக்கே?”

சொன்னேன். அவர் கண் பளபளத்தது.

“க்லேயா? க்லே… கலை! கலைன்னா நம்ம பாட்டுல எல்லாம் டிரஸ்தானேம்மா! கலை உடுத்துன்னு வருதே! அங்க போய் க்லே ஆயிருச்சு. இத நம்ம சங்க மலர்ல போட்டே ஆகணும்.”

“அங்கிள், யார் பாத்தது?”

“எத?”

“கலை கப்பல் ஏறி நார்வேக்குப் போனத. எந்த புஸ்தகத்துல, எந்தப் பக்கத்துல இருக்கு?”

“பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? காதுலயே கேக்குதே!”

“கேட்டா பத்தாது அங்கிள். யாராவது ஒருத்தர் கண்ணால பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் அது சரித்திரம். இல்லேன்னா வெறும் பேச்சு.”

மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கிளும் பெரிய மனதோடு சிரித்தார். நான் மட்டும் பொங்கலைத் தள்ளி வைத்தேன். மூன்று வாரம் முன்னால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள், ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிளாவது மனதார நம்பினார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

பிப்ரவரியில் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. இரவல் கேட்டதை நானே மறந்திருந்த நேரம். பழுப்புத் தாளில் சுற்றி, கயிறு கட்டி வந்திருந்தது. லிண்ட்விக்கின் சிவப்புக் கையெழுத்துதான் பாக்கி, என் வரையில் சீட்டு முடிந்துவிட்டது என்பதால் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் திருப்பி அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கேட்ட பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும். அதற்காகத் திறந்தேன். பக்கம் கிழியவில்லை.

மண் பூசிய சுவர் மட்டும் அங்கே இல்லை.

பத்திரத்தில் அந்தச் சொல்லே இல்லை. அந்த இடத்தில் மூல ஏடு அரித்துப்போய், ஒரு வெற்றிடம் இருந்தது. தொகுப்பை அச்சிட்டவர் அடிக்குறிப்பில், இங்கே இந்தச் சொல் இருந்திருக்கலாம் என்று தன் ஊகத்தைச் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அந்த ஊகத்தை யாரோ ஒருவர் தன் புத்தகத்தில் மூலம் போலவே எடுத்து எழுதியிருக்கிறார். அவரைப் பார்த்து லிண்ட்விக் எழுதியிருக்கிறார். லிண்ட்விக்கைப் பார்த்து நான். வரிசையில் ஒருவர்கூடப் பக்கத்தைத் திறக்கவில்லை.

சிவாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“நீ எதுக்கு அந்த புக்க ஓபன் பண்ணே?” என்றார் முதல் வார்த்தையாக.

“ஏனுங்க, ஃபார்ம் ஃபில் பண்ணோணுமல்லங்க.”

“வள்ளி, நிதானமாக் கேளு. உன்ற கிரீன் கார்டு லெட்டரு அந்தாள் டேபிள்ல இருக்குது. இந்த வாரம் சைன் பண்ணோணும். இப்பப் போயி, அந்தாளு முப்பது வருசத்துக்கு மின்ன எழுதினது பொய்யின்னு அந்தாள்கிட்டயே சொல்லப் போறயா?”

“அதச் சொன்னா, நான் பாக்காம சைன் பண்ணுனதயும் சொல்லோணுமுங்க.”



“அந்த வேர்டு ஆயிரம் வருசமா அப்பிடியேதான இருக்குது? கார்டு வர்ற வரைக்கும் இன்னொரு ரெண்டு வருசம் இருந்தா என்ன கொறஞ்சு போயிரும்?”

நியாயமான கேள்வி. அந்த வேலையை இழந்தால் விசா போகும். விசா போனால் நிலாவைக் கூட்டிக்கொண்டு, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது சிவா காரில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது என் வேலை. “சொல்லித்தான் தீருவேன்னா, ஒழுங்கா முழுசாச் சொல்லிரு. பாதி சொல்லிட்டு வராத” என்றார்.

லிண்ட்விக் அறைக்குப் புத்தகத்தையும் சீட்டையும் கொண்டுபோனேன். அவர் மேஜையின் இடப்பக்கம், கிரீன் கார்டு வக்கீல் அனுப்பியிருந்த உறையில், அவர் கையெழுத்திட வேண்டிய என் சிபாரிசுக் கடிதம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

“டாக்டர் லிண்ட்விக், டிசம்பரில் ஒரு சீட்டில் நான் பார்க்காமல் பச்சை போட்டுவிட்டேன்” என்றேன்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. “ஏன்?”

“புத்தகம் வரவில்லை. ஆனால் மேற்கோள் உங்களுடையது.”

“அதனால்?”

“நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன். நேற்றுப் புத்தகம் வந்தது. பார்த்தேன். அது அங்கே இல்லை.”

புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் உடனே படிக்கவில்லை. முதலில் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு பக்க எண்ணைச் சரிபார்த்தார். பிறகு வரியை விரல் வைத்துப் படித்தார். வெற்றிடம் வந்ததும் விரல் நின்றது. மெதுவாக அடிக்குறிப்புக்கு இறங்கியது. எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த அதே வரிசை, ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு அலமாரியிலிருந்து தன் பழைய கட்டுரையை எடுத்து அதையும் படித்தார். வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போலத்தான் முகம் இருந்தது. கீழே கார்ப்பெட் கடையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

“நான் படித்த இடத்தில் இந்தப் புத்தகம் இல்லை. இன்னொருவர் புத்தகத்திலிருந்து எடுத்தேன். பார்த்தவன் போல எழுதினேன்” என்றார். கட்டுரையை மூடிவிட்டு, “அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு வந்து, எல்லோரையும் யார் பார்த்தது, யார் பார்த்தது என்று கேட்க ஆரம்பித்தேன். என்னை யாரும் கேட்கவில்லை” என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“சீட்டை வைத்துவிட்டுப் போ, வள்ளி.”

அன்று மதியம் வரை நான் ஒரு சொல்கூட உருப்படியாகப் பார்க்கவில்லை. கொண்டுபோயிருந்த எலுமிச்சை சாதத்தைத் திறந்து, மூடி வைத்தேன். நிலாவை ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாதே என்றுகூட யோசித்துவிட்டேன். மனசு எவ்வளவு சீக்கிரம் விமானம் ஏறிவிடுகிறது பாருங்கள்.

மூன்று மணி இருக்கும். லிண்ட்விக்கின் அறைக் கதவு திறந்தது. எப்போதும் நாங்கள்தான் அவரிடம் போவோம். அவர் வெளியே வந்து யார் மேஜைக்கும் போனதில்லை. அன்று வந்தார். கோட்டு போட்டிருந்தார். இரண்டு பொத்தானும் போட்டிருந்தது. விக்டர் கையில் இருந்த காபியோடு அப்படியே நின்றுவிட்டார்.

சீட்டை என் மேஜை மேல் வைத்தார். மண் பூசிய சுவர், பக்க எண், அவருடைய கட்டுரையின் பெயர் எல்லாவற்றையும் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்திருந்தார். அதற்குக் கீழே தன் கையால் எழுதியிருந்தார்: ‘இதற்கு முந்தைய வரலாறு தெரியவில்லை.’

“உன் பழைய எழுத்தை நான் அடிக்க மாட்டேன். போட்டவர்தான் அடிக்க வேண்டும்” என்றார்.

அடித்தேன்.

“இப்போது யார் பார்த்தது?”

“நான் பார்த்தேன்.”

“அப்படியானால் போடு.”

கீழே புதிதாக ஒரு ‘வ’ போட்டேன். முதல் ‘வ’ அளவுக்கு அழகாக உட்காரவில்லை. அவர் நின்றபடியே சிவப்பில் கையெழுத்திட்டார். எத்தனையோ சொற்களுக்கு அவர் கோட்டு மாட்டியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தன் பேரையே தன் கையால் அடித்துவிட்டு, அந்தச் சொல்லை அதே மரியாதையோடு அவர் வழியனுப்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோட்டின் உள்பையிலிருந்து அந்த வக்கீல் உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். “இதில் ஒரு வரி பொய்யாகிவிட்டது. மாற்றி டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு” என்றார்.

‘இவர் ஒருமுறைகூடப் பார்க்காமல் கையெழுத்திட்டதில்லை’ என்று முதலில் இருந்ததாம். இப்போது இப்படி இருந்தது: ‘இவர் ஒருமுறை பார்க்காமல் கையெழுத்திட்டார். பிறகு பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே வந்து என்னிடம் சொன்னார். அதனால்தான் இவர் எங்களுக்கு வேண்டும்.’

வீட்டில் சிவா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “இமிக்ரேஷன்காரனுக்கு இதயா அனுப்பறது? நாமளே போயி மாட்டிக்கற மாதிரி இருக்குது!” நிலா எட்டிப் பார்த்து, ‘டாட், வாட் டிட் அம்மா டூ?’ என்று கேட்டாள். “உங்கம்மா தப்புப் பண்ணிட்டு, அத ரெகமண்டேஷன் லெட்டர்லயே போட்டு வாங்கிட்டு வந்திருக்கா, கண்ணு” என்றார். வக்கீலும் போனில், வேறு கடிதம் வாங்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அப்படியே போனது. அது யார் மேஜையில் விழுந்தது, படித்தார்களா இல்லையா, எனக்குத் தெரியாது. இரண்டாயிரத்து ஒன்றில், கோடை விடுமுறையில், எங்கள் இரண்டு பேருக்கும் கார்டு வந்தது. பச்சையாக இருக்கும் என்று நிலா எதிர்பார்த்திருந்தாள். ஏமாந்துபோனாள்.

அதே வருடம் லிண்ட்விக் ஓய்வு பெற்று டெக்சாஸுக்கே போய்விட்டார். தன் கட்டுரை தவறு என்று, அது வந்த ஆய்விதழுக்கே ஒரு சின்னக் குறிப்பும் எழுதி அனுப்பிவிட்டுத்தான் போனார். ராஜமாணிக்கம் அங்கிளின் கலை-க்லே கட்டுரை சங்க மலரில் வந்தது. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதற்கு யாரும் கோட்டு மாட்டிக் கையெழுத்துப் போடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் அதே மாடியில் இன்னும் பல வருடம் இருந்து ‘வ’ போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நானும் டெக்சாஸ்காரிதான். ஃபிரிஸ்கோவில் நிலா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம்.

ஹானாவுக்குப் பதில் எழுத இரண்டு நாள் பிடித்தது. மேலே சொன்னதையெல்லாம் இன்னும் சுருக்கமாக, இங்கிலீஷில் எழுதினேன். ‘அந்தச் சொல்லின் வரலாறு குட்டை இல்லை, நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்’ என்று முடித்தேன். ஒருமுறை படித்துப் பார்த்தேன். அனுப்பும் பொத்தானுக்கு விரல் போனது. அப்போதுதான் கவனித்தேன், நைட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். தோளில் ஒரு துண்டு வேறு.

எழுந்து உள்ளே போனேன். பெட்டியில் இருந்த பச்சைச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டி, தலையை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். ஹாலில் சிவா பேப்பரை இறக்கினார்.

“எங்க கெளம்பிட்டே?”

“எங்கயும் இல்லீங்க. ஒரு மெயில் அனுப்பணும்.”

அவர் என் சேலையையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றார். நான் நின்றபடியே அனுப்பினேன்.